ஒடுகத்தூரில் சிக்னல் கிடைக்குமா?

ஒடுகத்தூரில் சிக்னல் கிடைக்காது என்ற நம்பிக்கையோடுதான் தை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் வேலூரில் பஸ் ஏறினேன். என் மகள் கிரேஸ் பிரான்ஸில் லியோன் நகரத்தில் இருக்கிறாள். முகப்பூச்சுக் கம்பெனிகள் புகையையும் பிளாஸ்டிக்கையும் குறைக்கவும், காகிதத்தில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றவும் வழி சொல்வது அவள் வேலை. அப்படி ஒரு கம்பெனிக்காக ஒடுகத்தூர்ப் புளியங்கொட்டை ஆலையைச் சோதிக்க அவளே வருவதாக இருந்தது. ஐந்து வருடம் கழித்து வருகிறாள் என்று அவள் அறைக்கு வெள்ளையடித்து வைத்தேன். பிறகு போன் வந்தது. விமானப் புகையும் அந்தக் கம்பெனியின் புகைக் கணக்கில் சேருமாம். வீடியோவிலேயே பார்த்துக்கொள்வார்களாம்.

“சிக்னல் சரியில்லன்னாதான் நேர்ல வருவேன்பா. நீங்களும் அங்க போங்களேன், உங்களையும் பாத்த மாதிரி இருக்கும்.”

தூரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிக்கெட் முப்பது ரூபாய். வழியில் செல்போன் கோபுரங்களை எண்ணினேன். அணைக்கட்டு வரை ஒன்பது. அதற்கப்புறம் மலை நெருங்க நெருங்க இரண்டே இரண்டு.

“பெரியவரே, தலைய உள்ள இழுங்க. அப்டி இன்னாத்த எண்றீங்க?” என்றார் கண்டக்டர்.

“டவர்.”

“நல்லா எண்ணுங்க. எங்கூர்ல பேசணும்னா மாடிமேல ஏறணும்.”

அவருக்கு ஒரு டீ வாங்கித் தரலாம் போலிருந்தது.

கிரேஸ் சொல்லிவைத்திருந்ததால், ஆலையை நடத்தும் கலைவாணி வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே பதினாறு பெண்கள். கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, வெள்ளைப் பருப்பை மாவாக அரைக்கிறார்கள். முன்பு விறகு எரித்தார்களாம். இப்போது உரித்த தோலே அடுப்புக்குப் போகிறது. மூட்டைக்கு மூட்டை கியூஆர் கோடு. கொட்டை எந்த ஊர் மரத்தது என்பது லியோனில் இருந்தபடியே தெரிந்துவிடும்.

“இன்னா சார், இத்த மூஞ்சில பூசிக்கினா வெள்ளக்காரி அழகாயிடுவாளா?” என்று ஒரு பெண் கேட்டார். “நாங்க தாயம் ஆடிட்டுத் தூக்கிப் போட்டதாச்சே!”

பகல் ஒன்றரை மணி. லியோனில் காலை ஒன்பது. கலைவாணியின் போனில் கிரேஸ் வந்தாள், உறைந்தாள், மறைந்தாள். “கேக்குதா மேடம்? மேடம்?” என்று கலைவாணி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தார். மாடிக்கும் ஏறி இறங்கினார். எனக்கு மனசு குளிர்ந்தது.

“இது ஊத்திக்கிச்சுன்னா இன்னாக்கா ஆவும்?” என்றார் தாயம் ஆடிய அந்தப் பெண்.

“மேடம் நேர்ல வந்து பாக்குற வரைக்கும் ஆர்டரு நிக்கும். பாதிப் பேரு வூட்லதான் இருக்கணும்.”

என் சட்டைப் பையில் இருந்த போனில் வேறு கம்பெனி சிம். எடுத்துப் பார்த்தேன். நான்கு கோடுகளும் முழுசாக இருந்தன. திரும்பப் பைக்குள் போட்டேன். வறுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு கலைவாணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் எடுத்து, “இதுல கூப்பிடுங்க” என்றேன்.

“நீங்களே புடிங்க சார், உங்க பொண்ணுதானே.”

ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு நடந்தேன். “அப்பா, விரல் மறைக்குது.” “அப்பா, ஆடாம புடிங்க.” கேமரா வெளியே பார்த்தது. அவள் அடுப்பைப் பார்த்தாள், அரவை மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டு நடந்ததில் இரண்டு தடவை வாசற்படி தடுக்கியது. கண்ணாடி மாற்றியிருக்கிறாள்.

கடைசியில், “எல்லாம் சரியா இருக்கு” என்றாள். பெண்கள் கைதட்டினார்கள். கலைவாணி போனை வாங்கி என் பக்கம் திருப்பினார்.

“எளச்சிட்டீங்கப்பா.” கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “அடுத்த மீட்டிங் இருக்கு. சரிப்பா, வர்றேன்.”

“எப்போம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். “ஐயோ சார், போனு வெக்கிறதுக்குச் சொல்றாங்க!”

கிரேஸ் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பஸ் ஏற்றிவிடக் கலைவாணி கூடவே வந்தார். படியில் கால் வைத்தபோது, “வர்றேம்மா” என்றேன். அந்த ஊரில் இனி எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் எப்போது என்று கேட்கவில்லை.