இங்கிலீஷ் ஜெபமாலை

ஆரோக்கிய செல்வியால் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேஸ்ட் டியூபுகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை எங்கள் இருவருக்கும். பெல்ட் ஐந்து நிமிஷம் நின்றால் நான் காலை நீட்டுவேன். அவள் காலி அட்டைப்பெட்டியின் மடிப்பைப் பிரித்துப் பிரித்து மூடிக்கொண்டிருப்பாள். வில்லியனூரிலிருந்து கம்பெனி வேனில் போகும்போது ஜன்னல் ரப்பரைச் சுரண்டுவாள். “கொஞ்சம் சும்மாதான் இரேன்டி” என்றால் இரண்டு நிமிஷம் இருப்பாள். பிறகு முழங்கால் ஆட ஆரம்பித்துவிடும்.

அவளுக்கு அரசாங்க வேலை வேண்டும். பி.காம். முடித்த நாளிலிருந்து இதே நினைப்புதான். மத்திய அரசுத் தேர்வை இரண்டு தடவை எழுதினாள். கணக்கில் குறையில்லை, பொது அறிவில் குறையில்லை. இரண்டு தடவையும் காலை வாரியது இங்கிலீஷ். இரண்டாவது தடவை ஒன்றரை மார்க்கில் போயிற்று. வார்த்தைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருமே, ‘ஆஃப்’, ‘ஆன்’, ‘வித்’ என்று, அந்தக் குட்டிகளிலேயே ஐந்து கேள்வியைக் கோட்டை விட்டிருந்தாள். இதற்கு ஏன் ‘ஆன்’, அதற்கு ஏன் ‘ஆஃப்’ என்று பயிற்சி வகுப்பில் கேட்டதற்கு, “அப்படித்தாம்மா வரும், மனப்பாடம் பண்ணிடு” என்றாராம் வாத்தியார்.

தோற்ற அன்று அழுது முடித்துவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் நின்று, “இனிமே பரீட்சன்னு பேச்சே எடுக்க மாட்டேன்” என்று புருஷன் சேவியர்ராஜிடமும் மாமியார் காசம்மாளிடமும் வாக்குக் கொடுத்தாள். அப்படி ஒரு வாக்கை அவளிடம் யாரும் கேட்கவில்லை. அது மூன்று மாதம் தாங்கியது. வயது வரம்புப்படி இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும் என்று தெரிந்ததும், வீட்டுக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டுவிட்டாள். என்னிடம் மட்டும் சொன்னாள். என் வாயைப் பற்றித் தெரிந்தும் சொன்னாள்.

வீட்டில் புத்தகத்தை விரிக்க வழியில்லை. அந்தச் சமயத்தில்தான் காசம்மா அத்தைக்குக் கண்புரை அறுவை நடந்தது. கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக மூன்று வாரம் கட்டிலோடு கிடந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்து செல்வி பக்கத்தில் உட்காருவாள். அத்தையின் தலையணையோரம் வேளாங்கண்ணியில் வாங்கிய ஜெபமாலை கிடந்தது. சும்மா இருக்காத கை அதை எடுத்துக்கொண்டது.

ஜெபமாலையில் ஒருவர் முதல் பாதி சொல்ல வேண்டும், மற்றவர்கள் மறுபாதி சொல்வார்கள், ஒரு மணி நகரும். சின்ன மணி மட்டும் ஐம்பத்து மூன்று. செல்வி ஒரு மணிக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொண்டாள். “இன்சிஸ்ட்” என்று முணுமுணுப்பாள், ஒரு மூச்சு விடுவாள், “ஆன்” என்பாள். அடுத்த மணி. “அக்யூஸ்டு”, மூச்சு, “ஆஃப்”. ஒரு வருஷமாக மண்டையில் ஏறாதது மூன்றே வாரத்தில் விரலில் ஏறிவிட்டது. மாதிரித் தேர்வில் இங்கிலீஷ் மார்க் மளமளவென்று கூடியது.

கண் தெளிந்து எழுந்த அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள்: “படிச்ச புள்ளயில்ல, இங்கிலீசுலயே ஜெபமால சொல்லுச்சுபா எனக்காவ. அந்த ஜெபத்துலதான் எனக்குக் கண்ணு வந்துது.”

“வெக்கமா இருக்குடி ஜெயசித்ரா. ஆனா விட முடியல” என்று வேனில் புலம்பினாள் செல்வி. விரல் அப்போதும் துப்பட்டா முனையை உருட்டிக்கொண்டுதான் இருந்தது.

அக்டோபர் மாதம் அவர்களுக்கு ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் தினமும் சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போகும். செல்வி வீட்டுக்கு வந்த அன்று நானும் போனேன். எங்களுக்கு அந்தக் கோயில் இல்லை என்றாலும் சுண்டலுக்கு எல்லோரும் சொந்தம்தானே. யார் முன்னின்று சொல்வது என்ற பேச்சே எழவில்லை. “எங்க செல்வி சொல்லட்டும்” என்று அத்தை பெருமையாகச் சொல்லிவிட்டார்கள்.

பத்துப் பத்தாக வரும் மணிகளில் முதல் இரண்டு பத்து ஒழுங்காகத்தான் போயிற்று. மூன்றாவது பத்தில் விரல் தன் வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. “இன்சிஸ்ட்” என்றாள் சத்தமாக. நாற்பது பேர், கண்ணை மூடியபடி, மறுபாதி ஜெபத்தை ஒரு எழுத்துக் குறையாமல் சொல்லி முடித்தார்கள். மணி நகர்ந்தது. “அக்யூஸ்டு” என்றாள். மறுபடியும் நாற்பது பேர். நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன்.

எல்லோரும் போனபிறகு அத்தை கேட்டார்கள். “இன்னாடி அப்டி சிரிச்ச? இங்கிலீசு ஜெபம் உனக்குச் சிரிப்பா இருக்குதா?”

அப்போதாவது பேசாமல் இருந்திருக்கலாம். “அது ஜெபமில்ல அத்த, பரீட்சக்குப் படிக்கிறா” என்று உளறிவிட்டேன்.

அத்தை திட்டவில்லை. செல்வியைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டினார்கள். அவள் ஜெபமாலையை அந்தக் கையில் வைத்தாள். அன்றிலிருந்து மருமகளிடம் பேச்சு இல்லை. சேவியர்ராஜ் நடுவில் மாட்டிக்கொண்டு, இருவருக்கும் தூது பேசிக் களைத்துப்போனான்.

பரீட்சைக்குப் பதினோரு நாள் இருந்தது. செல்விக்கு எல்லாம் கலைந்துவிட்டது. மாதிரித் தேர்வில் பழைய மார்க்குக்கே இறங்கினாள். அவளுடைய கல்யாண ஜெபமாலை பெட்டியில் இருந்தது. அதை எடுக்க மனசு வரவில்லை என்றாள். டியூப் மூடிகளைக் கோத்துக் கொடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் வரவில்லை. பெல்ட்டில் பெட்டியை மாற்றி அடுக்கி சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள். “போச்சுடி, இந்தத் தடவயும் போச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கெடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். அத்தை தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி செல்வி பூண்டு உரித்தபடி தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“டிப்ரைவ்டு…” என்றாள். மேலே வரவில்லை. “டிப்ரைவ்டு…”

“ஆஃப்” என்றார்கள் அத்தை, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செல்வியின் கையிலிருந்த பூண்டு கீழே விழுந்தது. அதை எடுக்காமலே, மெதுவாக, “இன்சிஸ்ட்” என்றாள்.

“ஆன்.”

“அக்யூஸ்டு.”

“ஆஃப்.”

அத்தைக்கு இங்கிலீஷில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. கண்ணை மூடிப் படுத்திருந்த மூன்று வாரமும், இவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, உள்ளுக்குள் மறுபாதி சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஜெபம் என்று நினைத்தல்லவா சொன்னார்கள். இருபது, முப்பது ஜோடி தட்டாமல் போயிற்று. பிறகு அரிவாள்மணையில் கையை நிறுத்தினார்கள்.

“இத்தினி சொன்னியே, இதுல ஒண்ணுகூடவா எனக்காவ இல்ல?”

செல்வி பொய் சொல்லியிருக்கலாம். “இல்லத்த” என்றாள்.

“அப்ப கண்ணு எப்டி வந்துது?”

“டாக்டர் நல்லா பண்ணாரு அத்த.”

அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. இரண்டு மீன் ஆய்ந்து சட்டியில் போட்டுவிட்டு, “சரி, அடுத்தத சொல்லு” என்றார்கள்.

பரீட்சை அன்று பாண்டிச்சேரிக்கு நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். செல்வியின் முழங்கால் வழியெல்லாம் ஆடியது. வாசலில் தோடு, வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். எல்லாவற்றையும் என் கையில் திணித்துவிட்டு, வெறுங்கையை விரித்து ஒரு தடவை பார்த்தாள். அத்தை அவள் நெற்றியில் சிலுவை போட்டார்கள். உள்ளே போய்விட்டாள்.

மணி அடித்ததும் அத்தை மதில் நிழலில் உட்கார்ந்து மடியிலிருந்து ஜெபமாலையை எடுத்தார்கள். உதடு அசைந்தது. மருமகளுக்காக மாதாவிடம் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன்.

“இன்சிஸ்ட்… ஆன். அக்யூஸ்டு… ஆஃப். டிப்ரைவ்டு… ஆஃப்.”

ஐம்பத்து மூன்று மணியும் முடிந்ததும் சிலுவையை உதட்டில் வைத்து முத்தி செய்தார்கள். சுவர்ப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் முதல் மணியைப் பிடித்தார்கள்.