கிராமாந்தரத்தின் வரலாறும் ஒரு குட்டியானையும்

குளியலறைக் கண்ணாடி முன் நின்று தொலைக்காட்சி விவாதம் நடத்துகிற பழக்கம் எனக்கு உண்டு. நெறியாளரும் நானே, அரசியல் ஆய்வாளரும் நானே. முகத்தில் ஷேவிங் நுரையோடு, "எங்கள் தொகுதியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்" என்று ஆரம்பிப்பேன். நெறியாளர் குறுக்கிடவே மாட்டார். ஐம்பதைத் தாண்டியவன் வெளியில் சொல்லக்கூடிய விஷயமில்லைதான். ஆனால் இந்த விவாதம் குளியலறையோடு நின்றிருந்தால் என் மைத்துனனின் குட்டியானை இன்றும் அவனிடமே இருந்திருக்கும்.

குட்டியானை என்பது சரக்கு ஏற்றும் சின்ன வண்டி. ஓசூரிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறியவன், பொம்மசந்திரா தொழிற்சாலைகளில் ஏற்றி ஓசூரில் இறக்குவான். அவன் வீட்டு அடுப்பு, மகள்களின் பள்ளிக்கூடம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாமே அந்த வண்டியின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன.

நாங்கள் இருப்பது ஆனேக்கல் பக்கம் ஒரு லேஅவுட்டில். அடுக்குமாடி, லிஃப்ட், வாசலில் செக்யூரிட்டி எல்லாம் உண்டு. ஓட்டு மட்டும் கிராமாந்தரம் என்கிற ஊரகத் தொகுதியில். அதன் மறுமுனையில் ராகிக் கொல்லைக்குள் யானை வரும். எங்கள் முனையில் தண்ணீர் லாரி வரும், வந்தால். பெயரும் எல்லையும் மாறிய இந்தத் தொகுதியில் யார் யார் நின்றார்கள், எந்தப் பெரிய மனிதர் எந்த ஊர் ஓட்டில் மண்ணைக் கவ்வினார் என்பதையெல்லாம் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிப் புரட்டிக் கரைத்துக் குடித்திருந்தேன். குடித்ததைக் கக்க ஓர் ஆள் வேண்டுமே. கிடைத்தவன் மைத்துனன், மனைவியின் தம்பி.

என் கோட்பாடு எளிமையானது. இந்தத் தொகுதி கொள்கையைப் பார்க்காது, வாசலைப் பார்க்கும். எழவுக்கு வந்தவர் யார், ஜாத்ரையில் தேர் வடம் தொட்டவர் யார் என்று பார்த்துத்தான் ஓட்டுப் போடும். இப்போது இருக்கும் எம்.பி. ஒரு சாவையும் தவற விடாதவர். ஆகவே அவரே வருவார். இதை நான் சொல்லும்போது மைத்துனன் சோபாவில் சாய்ந்து, கண்களை மூடி, மெல்லத் தலையாட்டுவான். இப்படி ஒரு ரசிகன் யாருக்கு வாய்ப்பான் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

வாக்குப்பதிவு நாளன்று எங்களுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. காலி டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு நானும் மனைவியும் ஓட்டுப் போடக் கிளம்பினோம். வரிசையில் முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வரலாற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் எதிர்க்கட்சிச் சின்னத்தை அழுத்திவிட்டு வந்தேன். இருப்பவர் எப்படியும் ஜெயிக்கத்தான் போகிறார், என் கோபம் ஒரு மூலையில் பதிவாகட்டும் என்று ஒரு கணக்கு. திரும்பி வரும் வழியில் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மைத்துனன் விரலில் மையோடும் முகத்தில் சிரிப்போடும் வந்தான். அத்திபெலே டீக்கடையில் முந்தின நாள் ஒரு பந்தயம் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் தேர்தல் வந்தால் ஆடு, மாடு, பைக் என்று கட்டுவார்கள். டீக்கடையில் நாலு பேர் காதில் விழுந்துவிட்டால் அதுவே பத்திரம். மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர், ஓசூர் ஆட்களுக்கு நம்ம ஊர் ஓட்டைப் பற்றி என்ன தெரியும் என்று சீண்டியிருக்கிறார். இவன் என் கோட்பாட்டை, எழவு, ஜாத்ரை உட்பட, வரி பிசகாமல் ஒப்பித்துவிட்டு வண்டிச் சாவியை மேசையில் வைத்திருக்கிறான். அவர் பக்கம் இரண்டு சீமைப் பசுக்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது: என் வரலாற்றில் எழவு உண்டு, ஜாத்ரை உண்டு, எங்கள் லேஅவுட் இல்லை. எங்களுடையதைப் போன்ற நூறு லேஅவுட்டுகளும் இல்லை.

மறுநாளே பண்ணைக்காரரைத் தேடிப் போனேன். விளையாட்டாகச் சொன்னது, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். காபி கொடுத்தார். "சார், நான் தோத்தா ரெண்டு மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் போவாரு. அப்ப நீங்க வந்து வெளையாட்டுன்னு சொல்வீங்களா?" என்றார். காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

எண்ணிக்கைக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. வாக்கு இயந்திரங்களை எங்கோ பூட்டி வைத்திருந்தார்கள். எங்களை வீட்டில் பூட்டி வைத்த மாதிரி இருந்தது. மைத்துனன் ஒவ்வொரு சாயங்காலமும் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "மாமா, அந்தப் பழைய எலெக்‌ஷன் கதைய இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்பான். நான் ஓட்டை மாற்றிப் போட்ட கையை மடியில் மறைத்துக்கொண்டு அவரே வருவார், அவரே வருவார் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அவன் கண்களை மூடித் தலையாட்டுவான். மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.

எண்ணிக்கை அன்று முதல் சுற்றில் இருப்பவர் முன்னிலை. மைத்துனன் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு எங்கள் பக்கத்து ஓட்டுகள் வந்தன. மத்தியானத்துக்குள் அவன் டிவியை அணைத்துவிட்டு, கீழே போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தான். அன்றைக்கென்று பார்த்துத் தண்ணீர் லாரி வந்திருந்தது.

கழுவித் துடைத்து, கண்ணாடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அவனே ஓட்டினான். பக்கத்தில் நான். பண்ணைக்காரர் சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பால் கேன் ஏற்ற ஆள் வேண்டும், நீயே வந்து ஓட்டு என்றார். தன் வண்டிக்குத் தானே டிரைவரா என்று அவன் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வரணும் என்றுதான் கேட்டான்.

திரும்பும்போது ஆனேக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. நான் போட்ட ஓட்டும் எதிர்க்கட்சிக்குத்தான் என்று சொன்னேன். தினமும் உன்னை உட்கார வைத்துப் பொய் சொன்னேன், என் பேச்சை நம்பித்தானே வந்தாய் என்றேன்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓட்டு விஷயத்த அக்கா அன்னிக்கே சொல்லிட்டா மாமா. நம்பி எங்க வந்தேன்? பந்தயம் கட்டினதுலேருந்து வீட்ல பொட்டுத் தூக்கமில்ல. நீங்க பேச ஆரம்பிச்சா மட்டும் எனக்குக் கண்ணு சொக்கிடும்."