தூங்கிப்போன சுரப்பி

பன்னிரண்டாம் வகுப்பில் பாராதைராய்டு சுரப்பியைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், அரிசி மணி அளவில் நாலே நாலு. ரத்தத்தில் கால்சியம் இம்மி குறைந்தாலும் அதன் செல்களுக்குத் தெரிந்துவிடும். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளில் கால்சியம் வேண்டிய அளவு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அது அடங்கி இருக்கும். ஒட்டுவது குறைந்தால் உடனே ஹார்மோனை அனுப்பும். அது எலும்பிடம் போய்க் கொஞ்சம் கொடு என்னும், சிறுநீரகத்திடம் வெளியே விடாதே என்னும், சாப்பாட்டில் இருப்பதை ஒழுங்காக உறிஞ்சச் சொல்லிக் குடலுக்கும் தகவல் போக வைக்கும். திண்டிவனத்துப் பள்ளியில் இதைப் பதினைந்து வருஷமாகச் சொல்லி வருகிறேன். இவ்வளவும் தெரிந்த நான்தான் எங்கள் வீட்டு மாட்டைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

வீடு கோலியனூர் பக்கம். என் கணவர் கண்டமங்கலம் வழியாகப் புதுச்சேரிக்கு ஒரு கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். மனிதர் டிவி முன்னால் உட்கார்ந்தார், பேச்சும் நின்றுபோனது. “நான் இருக்கேன் இல்ல, நீங்க சும்மா இருங்க” என்று சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். மோட்டார் ரிப்பேரானால்கூட மெக்கானிக்கை நான்தான் கூப்பிடுவேன். ஒருநாள் என்னைக் கேட்காமல் திருவாமாத்தூரில் இருக்கும் அவர் அக்கா வீட்டிலிருந்து ஒரு ஜெர்சி கலப்பு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். ஊரே கேட்கிற மாதிரி கத்தினேன். ஆனால் அந்த மாடு வந்த பிறகுதான் மனிதர் விடியலில் எழுந்தார், சாப்பிடும்போது மாட்டுக் கதை பேசினார். அதற்காகவே எனக்கும் அந்த மாட்டைப் பிடித்துப்போனது.

மூன்றாவது ஈற்றுக்கு நிறைமாதம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கால்சியம் டானிக் வாங்கி வந்து தினமும் தவிட்டுத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். அதிலும் கால்சியம் உண்டென்று காய்ந்த மல்லாட்டைக் கொடியை, வேர்க்கடலைக் கொடியைத்தான், வேறு அள்ளி அள்ளிப் போட்டேன்.

“இவ்ளோ ஊத்தலாமா?” என்று கணவர் கேட்டார்.

“பாடம் எடுக்கறது நானா, நீங்களா?” என்று அவர் வாயை அடைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நல்லபடியாகக் கன்று போட்டது. ஞாயிறு காலையில் கணவர் சந்தோஷத்தில் சீம்பாலைச் சொட்டு விடாமல் ஒட்டக் கறந்துவிட்டார். ஒன்பது மணிக்கெல்லாம் மாட்டுக்குப் பின்னங்கால் தள்ளாடியது. படுத்தது. தலையைத் திருப்பி விலாவில் சாய்த்துக்கொண்டது. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது.

“பூச்சி தீண்டியிருக்கும்” என்றாள் எதிர்வீட்டுக்காரி. கணவர் உட்கார்ந்து நாலு காலிலும் பாம்பின் பல் பட்ட இடம் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். பழைய மௌனம் அவர் முகத்தில் திரும்ப வந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மாட்டைவிட அவரைப் பார்த்துத்தான் பயந்தேன்.

விழுப்புரத்திலிருந்து கால்நடை டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சின்ன வயசுப் பெண். காதைத் தொட்டார், கண்ணை விரித்துப் பார்த்தார். “பால் காய்ச்சல்” என்றார்.

“காய்ச்சலா? ஒடம்பு சில்லுனு கீதே!” என்றார் கணவர்.

“பேருதாங்க காய்ச்சல். ரத்தத்துல கால்சியம் எறங்கிப் போச்சு.”

மருந்துப் பாட்டிலை வெந்நீரில் வைத்து, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தார். கழுத்து நரம்பில் ஊசியை ஒரே குத்தில் ஏற்றினார். ஒரு கை பாட்டிலில், காதில் ஸ்டெதஸ்கோப். ஜல்தியாக விட்டால் இதயம் நின்றுவிடுமாம். அந்தக் கையின் பொறுமையை இன்று நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது. மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே, சினையில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் பாடம் எடுக்கிறவள் என்பதையும் சேர்த்துப் பெருமையாக அடுக்கினேன்.

அவர் திட்டவில்லை. “டீச்சர், நீங்க ஊத்திக்கினே இருந்தா அந்தச் சுரப்பிக்கு என்ன வேலை? தூங்கிடும். கன்னு போட்டதும் பால்ல அவ்ளோ கால்சியம் போவும். அப்ப திடீர்னு எழுந்து எலும்புல இருந்து எடுன்னா எப்படி எடுக்கும்? அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகுமே.”

பலகையில் நான் வரைகிற படம் கண்முன் வந்தது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

பாதிப் பாட்டில் போனபோது மாட்டின் தோல் சிலிர்த்தது. காய்ந்திருந்த மூக்கில் முத்து முத்தாக ஈரம். பெரிதாக ஓர் ஏப்பம், பிறகு சாணி. சாணியைப் பார்த்து ஒரு மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் ஆடி அசைந்து எழுந்து நின்று கன்றை நக்கியது. நான் அழுதுவிட்டேன்.

ரெண்டு நாளைக்கு ஒட்டக் கறக்காதீர்கள், அடுத்த சினையில் கடைசி மூன்று வாரம் டானிக் பக்கமே போகாதீர்கள், கன்று போட்ட பிறகு கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

போன மாதம், அடுத்த சினையின் அந்தக் கடைசி மூன்று வாரமும் வந்தது. மாடு என் கையையே பார்க்கிறது, எனக்கோ கை துறுதுறுக்கிறது. பாட்டிலைக் கணவர் எங்கோ ஒளித்துவிட்டார். “ஒரே ஒரு மூடி ஊத்தறேங்க” என்று சண்டைக்குப் போனேன்.

அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: “வேணாம்மா, அதுவே எழுந்துக்கும். எனக்கும் இப்பிடித்தான் ஊத்திக்கினு இருந்தே நீ.”

சுருக்கென்றது. வெறும் தவிட்டுத் தண்ணீரை மாட்டின் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

மாடு ஒரு மத்தியானம் கன்று போட்டது. லீவு போட்டுவிட்டு அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையிலும் அது நின்றுகொண்டுதான் தின்றது. கழுத்துக்குள் அந்த நாலு பொட்டும் விழித்துக்கொண்டு வேலை பார்க்கின்றன என்று நினைத்து, யாரும் பார்க்காதபோது அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கணவர் தெருவில் நாலு வீட்டுக்குச் சீம்பால் கொடுக்கப் போயிருந்தார். தொட்டியில் தண்ணீர் விழவில்லை, மோட்டார் நின்றிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டு, அவர் வரட்டும் என்று வாசலில் உட்கார்ந்தேன்.