கர்ப்பப்பையும் மதினி குறித்த வெள்ளிக்கிழமையும்

தொண்ணூறுகளின் பின்பாதியில், எனக்கு நாற்பது வயதானபோது, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருப்பதாக மதுரை டாக்டரம்மா கண்டுபிடித்தார். கெட்ட செல்களை உறைய வைத்து அழித்தார். கால் மணி நேர வேலை. என் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயர் கொண்ட சிறு மலையில் இருக்கும் பெருமாளுக்கு மொட்டை நேர்ந்திருந்தார். குணமானால் என்பதுதான் நேர்த்தி. சிகிச்சை முடிந்ததையே குணம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமையே மலையேறி நிறைவேற்றிவிட்டு வந்தார்.

அவர் தலையில் மறுபடி வகிடு எடுக்கும் அளவுக்கு முடி வளர்ந்தபோது, ஆறு மாதப் பரிசோதனை நடந்தது. செல்கள் சுத்தம். ஆனால் மாதிரியைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்ததில், அந்த மாற்றத்தை உண்டாக்கிய ஹெச்.பி.வி. என்ற கிருமி மட்டும் போகவில்லை. இது புற்றுநோய் இல்லை, பலருக்கு உடம்பே அதை விரட்டிவிடும், விரட்டாவிட்டால் பழைய மாற்றம் திரும்பலாம், ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. தாம்பத்தியத்தில் தொற்றுவது, பல வருடம் சத்தமில்லாமல் இருந்திருக்கலாம், யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

ஊர் திரும்பும் பஸ் கல்லுப்பட்டியைத் தாண்டியது.

"நான் அப்படிப்பட்ட ஆளு இல்லட்டி" என்றார் கணவர், ஜன்னலைப் பார்த்து.

"நானும் இல்ல. ரெண்டு பேரும் நல்லவுகன்னு வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவோம்."

அந்தத் தீர்மானத்தை இன்றுவரை நாங்கள் மறுபரிசீலனை செய்யவில்லை.

நூலகத்திலிருந்து குடும்ப மருத்துவப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து இரண்டே நாளில் முடித்தேன். வாசிப்புப் பழக்கத்தின் பலனாக எனக்குப் புதிதாக நான்கு நோய்கள் வந்தன. ஆண்களுக்கு மட்டும் வரும் என்று போட்டிருந்த ஒன்றும் அதில் அடக்கம்.

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதினி வந்தார். கணவரின் அக்கா. அவர் தெருவில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது, ஆடாத பல்லைக்கூட முன்யோசனையாகப் பிடுங்குவது போன்ற வழக்கம். மதினியும் ஐந்து வருடம் முன்பு எடுத்துவிட்டார். எனக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று அவரே நாள் குறித்திருந்தார். மருத்துவமனை, அறை, பதினைந்து நாள் சமையலுக்கு ஆள், எல்லாம் ஏற்பாடு. என்னைக் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

"புள்ள பெத்தாச்சு. இனி எதுக்குட்டி அது உள்ள கெடக்கு? எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு."

கணவர் தலையாட்டினார். அவரும் பயந்துபோயிருந்தார்.

எங்களுக்கு பேண்டேஜ் துணி தயாரிக்கும் சிறிய பட்டறை இருந்தது. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜையில் துணியை ஓடவிட்டுக் கறை பார்ப்பது என் வேலை. வீட்டில் எப்படியோ, அந்த மேஜை முன்னால் நான் யாருக்கும் அசைந்ததில்லை. மதினி வந்து இரண்டு நாள் கழித்து, பேச்சை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

"இந்தா, எண்ணெய்க் கறை. வெட்டிட்டேன். இனி அடுத்து வார துணியப் பாக்கணுமா, தறியத் தூக்கி எறியணுமா மதினி?"

"துணியும் ஒடம்பும் ஒண்ணாட்டி?"

நியாயமான கேள்வி. உவமையை உடனே கைவிட்டேன்.

"ஒண்ணில்லதான். ஆனா டாக்டரம்மாட்ட போன் போட்டுக் கேட்டேன். கர்ப்பப்பைய எடுத்தாலும் கிருமி போயிரும்னு சொல்ல முடியாதாம். கீழ இருக்க பாதையிலயே ஒட்டிக்கிட்டு இருக்குமாம். பொறவும் வந்து காட்டிக்கிட்டேதான் இருக்கணுமாம். அதுக்கு நான் இருக்கதை வச்சிக்கிட்டே போயிக் காட்டுதேன். வெள்ளிக்கிழமை வேண்டாம்."

துணி நாலைந்து கெஜம் ஓடியது.

"எனக்கு எதுக்கு எடுத்தாகன்னு தெரியல" என்றார் மதினி, குரலைத் தாழ்த்தி. "வெள்ளைப்படுதுன்னு போனேன். எடுத்துரணும்னாக. எடுத்ததச் சோதிச்சுப் பாத்தாகளான்னுகூட நான் கேக்கல."

அவரை வாதத்தில் வீழ்த்த இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். மிச்ச வசனங்களை அப்படியே விட்டேன். துணியை நிறுத்தினேன்.

"அடுத்த தடவை எங்கூட வாங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமையை மதினியே ரத்து செய்தார். ஆறு மாதம் கழித்து, ஜவுளி எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு என்னுடன் மதுரைக்கு வந்தார். இருவரையும் டாக்டரம்மா பரிசோதித்தார். பத்து நாள் கழித்து முடிவை வாங்க மறுபடி போனோம். அத்தனை ஜவுளி யாருக்கு என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை. மதினிக்கு ஒன்றுமில்லை. அவர் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு என் தாளை எட்டிப் பார்த்தார்.

"போயிருச்சா?"

"செல்லு சுத்தம். அது இன்னும் போகல. ஆறு மாசம் கழிச்சு வரணும்."

"வருவோம்" என்றார் மதினி.