நடுச்சுவரைக் கழற்றிய நாள்

மலேசியாவில், பத்து காஜாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது. அதுவும் கூரையைத் தொடாது. அவர்கள் கருவாடு பொரித்தால் எங்களுக்குப் பசிக்கும். அந்த வீட்டு மாமா இருமினால் அம்மா இந்தப் பக்கமிருந்தே, "சுடுதண்ணி குடுங்க அண்ணி" என்று குரல் கொடுப்பாள். ரத்த உறவு கிடையாது. மாமாவின் மனைவி என் அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனாள். அத்தையின் மகள் செல்விக்கும் எனக்கும் அப்போது எட்டு வயது.

எழுபதுகளின் கடைசியில் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்களுக்கு ரப்பர் மரமும் வேண்டாம், பாலுக்காக மரம் வெட்டும் மனிதர்களும் வேண்டாம். லயம் லயமாகக் காலியானது. அப்பாவுக்கு ஈப்போவில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. தெரிந்தவர் ஒருவர் அங்கேயே சிலிபினில் தன் வீட்டுக்குப் பின்னால் குடிசை போட்டுக்கொள்ள இடம் தந்தார். இடம் இருந்தது, சுவருக்குத்தான் பலகை இல்லை.

எங்கள் லயத்தில் எங்களைத் தவிர மிச்சமிருந்தது அத்தை வீடு மட்டும். மாமா நெஞ்சு நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அத்தையிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. அதை வைத்துக்கொண்டு வெளியே வேலை தேட முடியாது. காலி செய்யச் சொல்லி ஆள் வரும்போதெல்லாம், "அவரு வரட்டும், எங்கயாச்சும் போயிர்றோம்" என்பாள்.

ஒரு சனிக்கிழமை காலை தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் காலை ஊன்றி நின்றார்.

"ஒன் வீட்டுப் பலகையெல்லாம் நீயே எடுத்துக்க. ஆனா மொதல்ல நடுச்சுவர எடு. அது போச்சுன்னா மிச்சம் சூசா இல்லலா, ஒரு செரமமும் இல்ல" என்றார் அப்பாவிடம்.

அப்பா சைக்கிள் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு "சரிங்க" என்றார். நடுச்சுவரை முதலில் எடுப்பதை ஒரு தொழில் நுணுக்கம் என்று நான் நினைத்தேன். நடுவில் தொடங்கினால்தான் பலகை உடையாமல் வரும் போலிருக்கிறது.

"அவங்க உள்ள இருக்கறப்பவா?" என்றாள் அம்மா.

"எடுக்கலன்னா நமக்கும் ஒரு பலகை கெடையாது" என்றார் அப்பா. அம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தாள்.

அப்பா அவ்வளவு மென்மையாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. துருவேறிய ஆணிகளுக்கு ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே தேய்ந்த கத்தி ஒன்றைச் செருகினார். கத்தி விலக்கிய இடத்தில் ஒரு மர ஆப்பு. அதற்குப் பிறகுதான் கடப்பாரையின் தட்டை முனை. எந்த ஆணியையும் ஒரே மூச்சில் பிடுங்கவில்லை. கீழ் ஆணியில் கொஞ்சம், நடு ஆணியில் கொஞ்சம், மேல் ஆணியில் கொஞ்சம், மறுபடியும் கீழிருந்து. ஒரு முனையை மட்டும் இழுத்தால் பலகை நீளவாக்கில் பிளந்துவிடுமாம். சற்று விலகியதும் கட்டையை வைத்துத் தட்டிப் பலகையைப் பழைய இடத்துக்கே தள்ளுவார். பலகை உள்ளே போகும். ஆணித்தலை வெளியே நிற்கும். அதைச் சுத்தியலின் பிளவில் கவ்வி எடுப்பார்.

முதல் பலகை வந்ததும் அந்த இடைவெளியில் செல்வியின் முகம் தெரிந்தது. எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்றாவது பலகை போனதும் பக்கவாட்டில் நுழைந்து அங்கும் இங்கும் ஓடினோம். அத்தை அடுப்படியிலிருந்து எழுந்து வந்து நின்றாள்.

"அண்ணே, இந்தச் சுவர மட்டும் விட்டுருங்கண்ணே. அவரு வர்ற வரைக்கும்."

அப்பா நிமிரவில்லை. "தள்ளி நில்லும்மா. ஆணி தெறிக்கும்" என்றார்.

அத்தை உள்ளே போய்ப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து பலகை போன இடத்தில் கட்டினாள். இரண்டு பலகை அகலத்துக்குத்தான் அது மறைத்தது. நாங்கள் அதைத் திரையாக்கி நாடகம் போட்டோம். நான் ராணி, செல்வி மந்திரி.

மதியத்துக்கு மேல் ஒரே ஒரு பலகை மிச்சமிருந்தது. அதை அடித்தவன் நீள ஆணிகளை அடித்து, முனைகளை அத்தை வீட்டுப் பக்கம் மடக்கிவிட்டிருந்தான். அந்தப் பக்கம் போய் முனைகளை நிமிர்த்தாமல் ஆணி வராது. சுவர் முழுக்கத் திறந்து கிடந்தது. ஓரடி எடுத்து வைத்தால் போதும். அப்பா வைக்கவில்லை. இந்தப் பக்கமிருந்தே நெம்பினார். பலகை முனகியது, ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது.

அத்தை அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மடங்கிய முனைகளைத் தட்டித் தட்டி நிமிர்த்தினாள்.

"இப்பத் தூக்குங்கண்ணே. ஒடச்சிராதீங்க. இதாச்சும் முழுசா போய்ச் சேரட்டும்."

பலகை முழுசாக வந்தது. ஒரு முனையை அப்பாவும் மறு முனையை அத்தையும் பிடித்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "விடப் போறேன், கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அத்தை கையை எடுத்தாள். பெரியவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று செல்வியும் நானும் கை தட்டினோம். அம்மா புறக்கடைக்குப் போய்விட்டாள்.

நடுச்சுவர் போனால், அதன் பிறகு எங்கள் வெளிச்சுவர்களும் போனால், அத்தை வீடு ஒரு பக்கம் மொட்டையாக நிற்கும். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் அங்கே இருக்கமாட்டாள். கிராணி போட்ட கணக்கு அதுதான். பலகை அதற்கான கூலி. இதை அம்மா என்னிடம் சொன்னபோது எனக்கே இரண்டு பிள்ளைகள். மாமா அந்த மாதமே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்றும் அப்போதுதான் சொன்னாள். அத்தைக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது அவளுக்கும் தெரியவில்லை.

ஞாயிறு விடிந்ததும் அத்தை கிளம்பிவிட்டாள். பாரிட் புந்தாரில் யாரோ தூரத்துச் சொந்தமாம். இரண்டு மூட்டை, ஒரு பானை. மூட்டையை வாங்கிக்கொள்ள அப்பா கை நீட்டினார். "இருக்கட்டும்ணே" என்று அவள் தோள் மாற்றிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் அத்தை மேல் இல்லை, செல்வி மேல்தான். சுவர் போய் இரண்டு வீடும் ஒரே வீடாகி, ஓடி விளையாட இத்தனை இடம் கிடைத்த மறுநாளே போகிறாளே. என்னிடம் வந்து, "வாரேன்" என்றாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.