காவல் இருந்த விரால்

ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. எதை வைத்தாலும் தட்டை நகர்த்திவிடுவாள். புண் ஆற விரால் மீன் நல்லது என்று எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஓர் இரவு அவளே, "விரால் கொழம்புன்னா சாப்புடுவேண்ணா" என்றாள். வாய் திறந்து எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். மறுநாள் விடிந்ததும் அவள் கணவரும் நானும் தூண்டிலோடு செண்பகத்தோப்பு அணைக்கு வண்டியைக் கிளப்பிவிட்டோம்.

மழைக்குப் பிறகு அணையில் நீர் ஏறினால் உள்ளே இருக்கும் மேடுகள் சின்னச் சின்னத் தீவுகளாகிவிடும். மலைக்காற்று எவ்வளவு அடித்தாலும் அவற்றின் பின்பக்கம் தண்ணீர் அசையாது. விரால் நிற்பது அங்கேதான். முழங்கால் அளவு நீரில் நடந்து ஒரு மேட்டுக்குப் போனோம். எங்கள் தூண்டிலில் புழு கிடையாது, ரப்பர் தவளைதான். அதை நீர்மேல் தத்தித் தத்தி இழுத்து வந்தால் நிஜத் தவளை என்று நம்பி விரால் பாயும். பாய வேண்டும். மதியம் வரை ஒன்றுகூடப் பாயவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குத் தவளைமேல் கோபம், மீன்மேல் கோபம், கடைசியில் மாப்பிள்ளைமேலும் கோபம்.

"இன்னா மாப்ளே, தவளைக்கு நீச்சல் கத்துத் தர்றீங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. புல்லோரத்தைக் காட்டினார். அங்கே நீர்மேல் ஒரு செந்நிறத் திட்டு, உலைநீர் போலத் துடித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். அடியில் தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கும். குஞ்சுகளின் தலைக்கு மேல் எது போனாலும் விடாது. அது தெரிந்தே எங்கள் ஊர்க்காரர்கள் தவளையை அங்கே வீசுவார்கள். நானும் வீசினேன். தண்ணீர் வெடித்தது. முழங்கை நீளத்துக்குக் கறுத்த விரால்! ஈரச் சாக்கில் போட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கெளம்பலாம் மாப்ளே."

அவர் நகரவில்லை. குஞ்சுகள் சிதறத் தொடங்கியிருந்தன. ஜிலேபி மீன்கள் வந்து வந்து அவற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

"மச்சான், அதை வுட்டுடலாங்க."

"வூட்ல அவ வெறும் வயித்தோட கெடக்குறா. போய் இன்னான்னு சொல்றது?" கத்தியேவிட்டேன்.

"நான் சொல்லிக்கிறேன்."

அவரே சாக்கை எடுத்துப் போய் நீரில் கவிழ்த்தார். கிழிந்த வாயோடு அந்த விரால் ஆழத்துக்குத் தப்பி ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. நேராகக் குஞ்சுகளிடம் போனது. ஜிலேபிகள் நாலா பக்கமும் பறந்தன. அதைப் பார்த்தும் என் கோபம் அடங்கவில்லை. வெறும் சாக்கை உதறி எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

தங்கை குழந்தையை மடியில் வைத்திருந்தாள். வெறும் சாக்கைப் பார்த்தாள். அவர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அழப்போகிறாள் என்று பயந்து நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"குஞ்சுங்ககிட்ட போய்ச் சேந்துச்சாங்க?" என்று அவரைக் கேட்டாள்.

"சேந்துச்சு."

கொஞ்ச நேரம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"பசிக்குதுண்ணா. ரசம் இருந்தா சோத்துல ஊத்தி எடுத்துனு வா."