கீழ்வீட்டுக்காரர் பாடிய ஜாஸ்

எங்கள் ஜாஸ் குழுவில் பதினேழு பேர். நான் வாசிப்பது பாரிடோன் சாக்ஸபோன். என் இடுப்பு உயரம் நிற்கும் அடிக்குரல் குழல். மெட்டு என் பங்கில் வராது. மற்றவர்கள் மெட்டோடு அலையும்போது அடியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பகலில் கணக்கு டீச்சர் என்பதால் பொறுமை பழகியிருந்தது.

அஸ்தினாபுரம் ஃப்ளாட்டில் மாலைதோறும் சாதகம் செய்வேன். புதிய உருப்படியில் எனக்கு ஒரு நீண்ட சுரம், வெகுநேரம் மௌனம், பிறகு இன்னும் தாழ்வாக ஒரு சுரம். மௌனத்தில் காலால் தாளம் தட்டுவேன். ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டு மோட்டார் ஏதாவது ரிப்பேரா?”

குழலைக் காட்டினேன்.

“ஓ. என்ன பாட்டு?”

“பாட்டோட அடிப்பாகம் சார். மீதி மத்தவங்ககிட்ட இருக்கு.”

யோசித்தார். கச்சேரிக்கு வாருங்கள் என்று மரியாதைக்குச் சொன்னேன். மனைவியோடு வந்துவிட்டார்.

தாம்பரம் அரங்கில் இருவருக்கும் இரண்டாவது வரிசை. டிரம்பெட்டுகளும் டிராம்போன்களும் எழுந்து நின்று முழங்கியதில் அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார். அடுத்தது புதிய உருப்படி. குழல்களின் வாயை மூடியால் அடைத்து, டிரம்மை பிரஷ்ஷால் வருடி, மின்விசிறிச் சத்தத்துக்கும் கீழே போனோம். அத்தனை பேர் சேர்ந்து அவ்வளவு மெதுவாக வாசிப்பது கடினம். ஒருவர் மூச்சு தடித்தாலும் கெட்டுவிடும்.

என் மௌனம் வந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு கால் தாளம் தட்டியது. அடுத்த சுரத்தைச் சரியான இடத்தில் என்னோடு சேர்ந்து கீழ்வீட்டுக்காரரும் வாய்விட்டு எடுத்தார், சுருதி சற்றே குறைவாக. குழுத் தலைவர் என்னை முறைத்தார். விளக்கம் சொல்ல வாய் காலியாக இல்லை. பிறகு குழு முழுவதும் எழும்பியது. நாற்காலி அதிர்ந்தது. அவர் குரல் அதில் அமுங்கிற்று, என்னுடையதும்தான். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

திரும்புகையில் மூவரும் ஒரே ஆட்டோ.

“மானத்தை வாங்கிட்டீங்க,” என்றார் அவர் மனைவி.

“எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். தினம் கேக்கறேன் இல்ல?”

“இவங்க வாசிச்சது எதுன்னே எனக்குத் தெரியல.”

அவர் பாடிக் காட்டினார். நீண்ட சுரம். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சார், வயிறு சரியில்லையா?”

அவர் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோ சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டியது.

“அவ்வளவுதானா?” என்றார் மனைவி.

“இரு. இன்னும் வரல,” என்றார்.